சம்சாரம் கூடுதல்

நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்க தாயி. சம்சாரம் வேண்டாம், நிறுத்துன்னு சொன்ன ஆளு, அப்புறம் சம்சாரத்தை மட்டும் அனுப்பு, நீ வராதேன்னு சொன்னா அவனை என்ன செய்யலாம்? இல்ல, சும்மா கேக்குறேன். சைக்கிளை அந்தச் சுவத்துல சாய்ச்சு வச்சுட்டு உக்காருங்க. காதுல என்னமோ மாட்டியிருக்கீங்களே, அதைக் கழட்டிருங்க. இங்க எதுக்கு அது? அம்புட்டு அமைதியான எடம். அதைத் தேடித்தானே இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க.

லாலிச்சா, தாயிக்கு ஒரு டீ. எனக்கும்தான்.

குரியாச்சன் கெஸ்ட்டுதானே நீங்க? அந்த மஞ்சப் பனியனைப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். மத்தவங்க எல்லாம் கீழ கம்பத்துல இருந்து மிதிச்சு ஏறுறாங்க, நீங்க வண்டியில வந்து மலை மேல இந்த மெட்டுல சேந்துக்கிறீங்க. தப்பில்ல தாயி, அந்தக் கொண்டை ஊசி வளைவெல்லாம் எல்லாருக்கும் ஆகாது. கோஷ்டி வந்து சேர இன்னும் நேரம் கெடக்கு. இந்தா பாருங்க, இந்தக் கடை வரைக்கும் நம்ம தமிழ்நாடு. அந்த வளைவு தாண்டிட்டா கேரளா. காத்து ஒண்ணுதான், மேகம் ஒண்ணுதான், பாஷைதான் வேற.

கோஷ்டிக்கு முன்னாடி ஒருத்தி வருவா. சுடிதாருக்கு மேல ஆம்பளைச் சட்டை போட்டிருப்பா. ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைகள்லாம் அப்படித்தான் போடுவாங்க, இலை அறுக்காம இருக்க. அது என் பழைய சட்டை. அவதான் என் சம்சாரம். பேரு பேச்சி. உங்களுக்கு இன்னைக்கு வழி காட்டப்போறது அவதான். வழி காட்ட வேண்டியது நானு. அது ஒரு கதை.

இன்னைக்கு இந்தக் கடையில நின்னு என்கிட்ட பேசிட்டுப் போறேன்னு சொல்லிவிட்டிருக்கா. வீட்டுக்கு வர்றாளா, இல்ல அங்கிட்டே குரியாச்சன் குடுத்த ரூம்லயே இருந்துக்கிறாளான்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும். எனக்குக் காலையில இருந்து கையும் ஓடல காலும் ஓடல. வெக்கத்தை விட்டுச் சொல்றேன் தாயி, அவ இல்லாத வீட்டுல எனக்குச் சோறு எறங்கல. பேசுனா சுவருதான் கேக்குது. சுவருகிட்ட எம்புட்டு நேரம் பேசுறது?

நான் யாருன்னு சொல்லலையே. ராசாங்கம். மைக் ராசாங்கம்னு கம்பத்துல கேட்டா கைக்குழந்தை கூடச் சொல்லும். எந்தத் தலைவர் வந்தாலும், எந்த ஜவுளிக்கடை தொறந்தாலும், யாரு இயற்கை எய்தினாலும் ஆட்டோவுல உக்காந்து ஊருக்குச் சொன்னது இந்தக் குரல்தான். இப்ப எல்லாம் போன்ல பதிஞ்சு போட்டுவிட்டுர்றான். சரி, போகட்டும், எனக்கும் முழங்கால் தேஞ்சுபோச்சு. அப்பதான் குரியாச்சன் வந்தான்.

அந்த ஆளுக்கு அங்கிட்டு ஏலத்தோட்டத்துக்கு நடுவுல தங்குற வீடு இருக்கு. வெளியூரு ஆளுக, வெளிநாட்டு ஆளுக வர்றாங்க. அவங்களுக்கு என்ன வேணுமாம்? சத்தம் இல்லாத ரோடு வேணுமாம். லாரி இல்லாம, பஸ் இல்லாம, மலையோட மலையா சைக்கிள் மிதிக்கணுமாம். அப்படி ரோடு நம்ம எல்லையில எம்புட்டு வேணும்! மெட்டுல இருந்து தோட்டத்துக்குள்ள பிரியுற ரோடு ஒண்ணொண்ணும் காலையில ஜீப்பு போயிருச்சுன்னா அப்புறம் எப்பவாவது ஒண்ணு வந்தாத்தான், இல்லைன்னா சாயந்தரம் வரைக்கும் ஈ காக்கா கெடையாது. ஆனா எந்த ரோடு எங்க போயி முட்டும்னு தெரிஞ்ச ஆளு வேணும்ல? அதுக்குக் குரியாச்சன் எங்க வீட்டைத் தேடி வந்தான்.

வந்தவன் பேச்சிகிட்டதான் மொதல்ல பேசுனான். அவ கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே ஏலக்கா எடுக்கப் போனவ. விடியக்காலம் ஜீப்புல ஏறுனா அந்த மலை முச்சூடும் சுத்துவா. மலையாளமும் பேசுவா, தோட்டத்து மலையாளம். ஆனா கூலி வேலைக்குப் போனவளுக்குக் கெஸ்ட்டுகிட்ட எப்படி நடந்துக்கிறதுன்னு என்ன தெரியும்? அதனால நான் உள்ள பூந்து, "கவலைப்படாதீங்க, நானே பாத்துக்கிறேன்"னுட்டேன். குரியாச்சன் பேச்சி மொகத்தைப் பாத்தான். பேச்சி அடுப்பைப் பாத்தா. நான் அவனைப் பாத்து, "அவளும் தொணைக்கு வருவா"ன்னேன். முடிஞ்சுபோச்சு.

எனக்கும் மலையாளம் தண்ணி பட்ட பாடு தாயி. கம்பத்துக்கு வந்து எம்புட்டு வருசம் ஆச்சு. தனியாப் படிக்க வேண்டியதே இல்ல, நம்ம பாஷையைக் கொஞ்சம் மூக்கால பேசுனா அது மலையாளம்.

மொத சீசன் எப்படிப் போச்சுங்கிறீங்க! பேச்சி கியர் சைக்கிள்ல முன்னாடி போவா. எனக்குத்தான் முழங்கால் ஆகாதே, நான் டிவிஎஸ்ல பின்னாடியே வருவேன். அவ வாயே தொறக்க மாட்டா. திரும்பணும்னா கையை நீட்டுவா, நிக்கணும்னா கையைத் தூக்குவா, அம்புட்டுத்தான். சில எடத்துல சும்மாவே ஓரமா நிறுத்திருவா. கொஞ்ச நேரத்துல தோட்டத்து ஜீப்பு ஒண்ணு புழுதியக் கெளப்பிக்கிட்டுப் போகும். அவளுக்கு எளைக்குது போலன்னு நானும் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

வழியைச் சொல்றது, மலையைச் சொல்றது, வரலாறு சொல்றது எல்லாம் நான்தான். முன்னாடி போறவங்களுக்குக் கேக்கணும்ல, அதுக்காக டிவிஎஸ் ஹேண்டில்பார்ல சின்னதா ஒரு ஸ்பீக்கர் கட்டியிருந்தேன். பழைய தொழிலு, விடுமா? அந்த மலையில என் குரலு எதிரொலிக்கும் பாருங்க, ஒரு தடவை சொன்னா ரெண்டு தடவை கேக்கும்.

கெஸ்ட்டுக்கெல்லாம் என்னைய அம்புட்டுப் பிடிச்சுப் போச்சு. ஒரு ஜெர்மன்காரம்மா வந்துச்சு. நிறுத்துற எடத்துல நான் பேச ஆரம்பிச்சதும் அப்படியே கண்ணை மூடிக்கிரும். ரசனைன்னா அது ரசனை. பாவம், மலைக்காத்து ஆகல போல, காதுல பஞ்சை வச்சுக்கிட்டுத்தான் வந்துச்சு. அப்புறம் பெங்களூருல இருந்து ஒரு புருசன் பொண்டாட்டி. ஏத்தத்துல எல்லாரும் மெதுவாத்தானே மிதிப்பாங்க? அவங்க நான் பக்கத்துல வர வர வேகமா மிதிப்பாங்க. மூச்சு வாங்குது, மொகம் செவந்துபோச்சு, விடல. நானும் டிவிஎஸ்ஸை முறுக்குனேன். என் பேச்சுல அப்படி ஒரு உற்சாகம் வந்துருக்கு அவங்களுக்கு. கடைசியில அந்த ஆளு சைக்கிளைத் தூக்கிட்டு வழியில வந்த ஜீப்புல ஏறிட்டாரு. ஒடம்பு வலி.

இப்படிப் போயிக்கிட்டு இருக்கும்போதுதான் ஒருநாள் குரியாச்சன் என்னைய ஓரமாக் கூப்பிட்டான். தோளுல கையைப் போட்டு, ரொம்ப மரியாதையாச் சொன்னான்: "சேட்டா, ஒந்நும் தோந்நருது. சேட்டன்டெ சம்சாரம் இச்சிரி கூடுதலா. கெஸ்ட்டுகளுக்கு புத்திமுட்டா. அதொந்நு நிர்த்தணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்ன சொல்றான் புரியுதா? தப்பா நெனைக்கக் கூடாதாம். என் சம்சாரம் கூடுதலாம். அதிகப்படியாம். அவளைப் பாத்தா கெஸ்ட்டுக்குப் புத்தியில முட்டுதாம். அதனால அவளை நிறுத்தணுமாம். வாய் பேசாத ஒரு பொம்பளையைப் பத்தி இப்படி ஒரு வார்த்தை! கோவம் வந்துச்சு. ஆனா தொழிலுன்னு ஒண்ணு இருக்குல்ல, பல்லைக் கடிச்சுக்கிட்டு, "சரி குரியாச்சா, நிறுத்திர்றேன்"னேன். அவன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டான் தாயி. அம்புட்டுச் சந்தோசம் அவனுக்கு.

வீட்டுக்கு வந்தேன். பேச்சி மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தா. எப்படிச் சொல்றது? பக்குவமாத்தான் சொன்னேன். "பேச்சி, நாளையில இருந்து நீ வர வேண்டாம். தப்பா நெனைக்காதே. குரியாச்சன் சொல்லிட்டான், சம்சாரம் கூடுதலாம், நிறுத்தணுமாம்"னேன்.

அவ நிமிந்து பாத்தா. "என்ன சொன்னாரு? அவரு சொன்னதை அப்படியே சொல்லுங்க"ன்னா. நான் அவன் குரல்லயே சொல்லிக் காமிச்சேன். சட்டுன்னு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா தாயி. முந்தானையை வாயில வச்சுப் பொத்திக்கிட்டா. தோளு ரெண்டும் குலுங்குது. ஐயோ, அழுகுறாளேன்னு எனக்குப் பதறிப்போச்சு. பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொன்னேன். ஒலை கொதிச்சு வத்துற வரைக்கும் சொன்னேன். கடைசியில கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "அவரு சொல்றது சரிதான், நிறுத்திருவோம்"னா. அம்புட்டு நல்ல மனசு.

மறுநாள் நான் தனியாப் போனேன். முன்னாடி கையைக் காட்ட ஆளு இல்லாததால இன்னும் சத்தமாவே வழி சொல்ல வேண்டியதாப் போச்சு. இந்தத் தோட்டத்து ரோடெல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கும் தாயி, அதுல யாரு பேருல குத்தம் சொல்றது? ஒரு எறக்கத்துல எல்லாரும் ஜோரா எறங்குனோம். எறங்கி முடிஞ்சா இரும்பு கேட்டு, உள்ள நாலஞ்சு நாயி. திரும்பி அந்த ஏத்தம் பூராவும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே ஏறணும். அலுப்புத் தெரியக் கூடாதுன்னு நான் விடாம பேசிக்கிட்டே வந்தேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. அமைதியை அம்புட்டு அனுபவிச்சாங்க.

சாயந்தரம் குரியாச்சன் கும்பிட்டுக்கிட்டு நிக்குறான். "சேட்டா, சம்சாரம் இப்பளும் உண்டல்லோ!"ங்குறான். சம்சாரம் இப்பவும் இருக்குதேன்னு! எனக்கு வந்துச்சே கோவம். "குரியாச்சா, சத்தியமாச் சொல்றேன், அவளை வீட்டுல விட்டுட்டுத்தான் வந்தேன்"னேன். அவன் முழிச்சான். அப்புறம், "வீட்டில் செந்நிட்டு எத்ர வேணேலும் சம்சாரிச்சோ, வழியில் வேண்டா"ன்னான். கேட்டீங்களா? வீட்டுல எத்தனை சம்சாரம் வேணும்னாலும் வச்சுக்கோ, வழியில வேண்டாமாம்! நான் அப்படிப்பட்ட ஆளா தாயி? ஒருத்தியைக் கட்டி அவளோடயே காலத்தை ஓட்டுனவன். பேசாம டிவிஎஸ்ஸை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பேசாமன்னா, வழியில கொஞ்சம் பேசுனேன்.

நேரா இந்தக் கடைக்குத்தான் வந்தேன். லாலிச்சன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். இந்த ஆளு டீயை ஆத்திக்கிட்டே, "சேட்டா, நிங்ஙளு தெத்தா மனசிலாக்குந்நே. சம்சாரம்னு வச்சா பேச்சு…"ன்னு ஆரம்பிச்சான், நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனாம். "பேச்சிதான்யா! என் சம்சாரம் பேச்சிதான், எனக்குத் தெரியாதா என் பொண்டாட்டி பேரு? அது வரைக்கும் உன்கிட்டச் சொல்லிட்டானா அவன்?"னு டம்ளரை வச்சுட்டு எந்திரிச்சுட்டேன். என்ன லாலிச்சா, அப்படித்தானே? சிரிக்கிறான் பாருங்க. இவனுக்கு எல்லாம் விளையாட்டு.

இனிமேத்தான் ஞாயம் கேக்கணும் நீங்க. ரெண்டு நாளுல குரியாச்சன் வீட்டுக்கே வந்து, பேச்சி மட்டும் வந்தாப் போதும், சேட்டன் ஓய்வெடுக்கட்டும்னான். நான் தமிழ்லயே கேட்டேன், "சம்சாரம் வேண்டாம்னுதானேய்யா சொன்னே?"ன்னு. "அதே, சம்சாரம் வேண்டா. சேச்சி மதி"ங்குறான். சம்சாரம் வேண்டாமாம், சேச்சி போதுமாம். சேச்சி யாரு? என் சம்சாரம்! மண்டை காஞ்சுபோச்சு. பேச்சி என்னன்னா, உள்ள போயி என் சட்டையை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்.

அப்புறந்தான் எங்க தெரு மொக்கராசு, ஜீப்பு ஓட்டுறவன், விசயத்தை ஒடைச்சான். "அண்ணே, மலையாளத்துல சம்சாரம்னா பொண்டாட்டி இல்ல. பேச்சு. பேசுறது. பேச்சு அதிகமா இருக்கு, கெஸ்ட்டுக்குப் புத்திமுட்டு, தொந்தரவுன்னு நிறுத்தச் சொல்லியிருக்காரு"ன்னான். பஸ் ஸ்டாண்டுல வச்சு, சுத்தி நாலு பேரு இருக்கும்போது சொன்னான். அவனுக சிரிச்சானுக. எனக்கு அப்படியே கண்ணு தொறந்த மாதிரி இருந்துச்சு. அதாவது ஆளு பிரச்சனை இல்ல, பேச்சுதான் பிரச்சனை!

யோசிச்சுப் பாத்தேன். ஊமை மாதிரி இருக்குறாளே, இவளா பேசுனா? பேசியிருக்கா. நான் டிவிஎஸ்ல பின்னாடி வர்றேன், வண்டிச் சத்தம், ஸ்பீக்கர் சத்தம். முன்னாடி இவ என்ன பேசிக்கிட்டுப் போறான்னு எனக்கு எப்படிக் கேக்கும்? அதான் கெஸ்ட்டுக்குப் புத்தியில முட்டியிருக்கு. அமைதியைத் தேடி வந்தவங்ககிட்ட ஓயாம பேசுனா யாருக்குத்தான் பிடிக்கும்? நீங்களே சொல்லுங்க.

அவ வேலை முடிஞ்சு வந்ததும் சொன்னேன். கோவமாச் சொல்லல, அன்பாத்தான். "பேச்சி, மொக்கராசு எல்லாத்தையும் வெளக்கிட்டான். நீ கொஞ்சம் கூடுதலாப் பேசுறே. கொறைச்சுக்கோ. மத்தவங்களையும் பேச விடணும்"னேன்.

அன்னைக்கு அவ பாத்த பார்வை இருக்கே தாயி. அழுகல, சண்டை போடல. இம்புட்டுக் காலத்துல நான் பாக்காத ஒரு பார்வை. கால் கழுவக்கூட இல்ல, வாசல்ல நின்ன சைக்கிளை அப்படியே திருப்பிக்கிட்டா. மலைக்கு ஏறிப் போயிட்டா. அன்னையில இருந்து அங்கிட்டுத்தான். சீசன் முடியிற வரைக்கும்னு நெனைச்சேன். இப்ப என்னடான்னா குரியாச்சன் அவளை மொத்தமா அங்கேயே இருந்துக்கச் சொல்றானாம், அவளைக் கேட்டு வர்ற கெஸ்ட்டு கூடிப்போச்சாம். இன்னைக்கு முடிவு சொல்றேன்னு மொக்கராசுகிட்டச் சொல்லிவிட்டா.

அவளுக்கு என்னதான் கொறை? அதுதான் தாயி எனக்குப் புரியல. ஒருநாளாவது வாயைத் தொறந்து சொல்லியிருக்காளா? சொன்னாத்தானே தெரியும். என்ன சொன்னீங்க? நானு பேசாம இருந்து அவளைப் பேச விடணுமா? அட, அதுக்குத்தானே காலையில இருந்து உக்காந்திருக்கேன்! இன்னைக்கு வாயே தொறக்க மாட்டேன், பாருங்க. காதைத் தீட்டி வச்சுக்கிட்டுக் கேப்பேன்.

அந்தா, கீழ் வளைவுல மஞ்சப் பனியன் தெரியுது. முன்னாடி யாரு? அவதான். எப்படி மிதிக்கிறா பாருங்க, மலையாவே தெரியல அவளுக்கு. எளைச்சுட்டா. இல்லல்ல, நல்லாத்தான் இருக்கா.

வா பேச்சி. உக்காரு. லாலிச்சா, தண்ணி குடு மொதல்ல. இந்தத் தாயியும் உங்க கோஷ்டிதான், நான்தான் பேச்சுத் தொணைக்கு இருந்தேன். சரி, நீ சொல்லு. நான் கேக்குறேன். சொல்லு சொல்லு. என்ன, யோசிச்சுப் பாத்தியா? யோசிக்க வேண்டியதுதான். நானும் யோசிச்சேன் பேச்சி. ராத்திரி பூரா யோசிச்சேன். உன் மேல கோவமே இல்ல எனக்கு. நீ கொஞ்சம் பேசுனா என்ன இப்ப, பேசிட்டுப் போ. வீட்டுல வந்து பேசு. அந்தக் கொல்லைப் பக்கத்து ஓடு ஒழுகுதுன்னு சொன்னேல்ல, அதை மாத்திட்டேன். நம்ம ஆடு ரெண்டு குட்டி போட்டுருக்கு. என்ன? ஒரு நிமிசமா? இரு, இதை முடிச்சுர்றேன். கெழக்குத் தெரு ஒச்சம்மா கூடக் கேட்டா, பேச்சி எப்ப வருதுன்னு. நான் சொன்னேன், வராம எங்க போவான்னு. மொக்கராசு என்னமோ சொல்லிச் சிரிக்கிறான், நான் காதுல போட்டுக்கல. நீயும் எதையும் மனசுல வச்சுக்காதே. எது இருந்தாலும் வாயைத் தொறந்து சொல்லிரணும், உன்கிட்ட அது ஒண்ணுதான் கொறை. அந்த ஸ்பீக்கரைக்கூட…

அட, எந்திரிச்சுட்டா.

லாலிச்சன்கிட்டச் செம்பைக் குடுத்துட்டு என்னமோ சொல்றா, கேட்டீங்களா தாயி? இவன் "எந்தாயி சேச்சி?"ன்னு, என்ன ஆச்சுன்னு கேட்டான். அவ "இனி சம்சாரம் இல்லா"ன்னா. நல்லாக் கேட்டுச்சு எனக்கு. இனி சம்சாரம் இல்லா. ஏன்யா லாலிச்சா, நீ ஏன் மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குறே?

உங்களுக்குப் புரிஞ்சிருக்காது தாயி, நம்ம தமிழ்ல அர்த்தம் பண்ணிக்கிட்டுப் பயந்துராதீங்க. நானே மொதல்ல அப்படித்தான் ஏமாந்தேன். மலையாளத்துல சம்சாரம்னா பேச்சு. இனி பேச்சே இல்ல, எல்லாம் பேசித் தீந்துபோச்சுங்கிறா. அம்புட்டுத்தான், சமாதானம். சாயந்தரம் வந்துருவா.

போயிட்டு வாங்க, அவங்க வளைவு தாண்டிட்டாங்க, நீங்களும் வெரசா ஏறுங்க. போற வழியில அவகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. வீட்டுச் சாவி எப்பவும் வைக்கிற எடத்துலதான் இருக்கு.